முடிவு தெரிந்த கதைக்கு ஏன் அழுகிறாள்?

கேள்வி: எனக்கு 63 வயது. சர்க்கரை ஆலை ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். போன மாதம் என் மனைவிக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. புதுக் கண்ணாடி போடும்வரை கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கதை படிக்காமல் அவளால் இருக்க முடியாது. அவளுடைய அம்மா அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகையிலிருந்து பிரித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதை ஒன்று வீட்டில் உண்டு. கல்யாணமாகி வந்தபோது பெட்டியில் புடவைக்கு நடுவில் வைத்து எடுத்து வந்தாள். ஐந்தாறு தடவையாவது படித்திருப்பாள். இப்போது அதை என்னை வாசிக்கச் சொல்கிறாள். தினமும் சாயங்காலம் இரண்டு அத்தியாயம். "ஏங்க, வவுச்சர் சரிபார்க்கிற மாதிரி வாசிக்காதீங்க" என்று திட்டு வேறு.

ஒருநாள், கதையில் வரும் பெண் சந்தோஷமாக ரயில் ஏறுகிறாள். ஜன்னலோர இடம் கிடைக்கிறது. தம்பிக்குக் கை காட்டுகிறாள். அவ்வளவுதான். இவள் அழ ஆரம்பித்துவிட்டாள். என்ன என்று கேட்டேன். "அவளுக்குத் தெரியாதேங்க" என்றாள். நடக்கவே நடக்காத ஒன்றுக்கு, அதுவும் முடிவு தெரிந்த ஒன்றுக்கு, எப்படி அழுகை வரும்? நான் மூன்று முறை நாவல் படிக்க முயன்றிருக்கிறேன். 30 பக்கத்தைத் தாண்டியதில்லை. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாசிக்க ஆரம்பித்த 11-வது நாள் மதியம், அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது, அந்தத் தொகுப்பை எடுத்து மூன்று அத்தியாயம் முன்கூட்டியே படித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். ஏனோ கூச்சமாக இருந்தது. கதையில் அப்படி என்னதான் இருக்கிறது?

பதில்: அன்புள்ள ஐயா,

கிளை நூலகங்களில் 31 வருடம் புத்தகம் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தவன் நான். கண் விஷயத்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அழும்போது கண்ணைக் கசக்க மட்டும் விடாதீர்கள். கதை விஷயத்தை நான் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த 11-வது நாள் மதியத்தைத்தான். யாரும் கேட்காமல், வீடு அடங்கிக் கிடந்த நேரத்தில், உங்கள் கை அந்தத் தொகுப்பைத் தேடிப் போயிருக்கிறது. கூச்சப்பட அதில் ஒன்றும் இல்லை. உங்கள் கேள்விக்கான பதிலில் பாதியை அன்றைக்கே நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். பாட்டி கதை சொல்லி நிறுத்தும்போது பேரப்பிள்ளை கேட்கிற 'அப்புறம்?' இருக்கிறதே, அதுதான் அந்தப் பாதி.

அதற்கு எவ்வளவு வலு என்பதை எனக்குக் காட்டியது ஒரு கிழிந்த தாள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் நூலகத்தில் இருந்த ஒரு குடும்ப நாவலின் கடைசித் தாளை யாரோ கிழித்துவிட்டார்கள். அது தெரியாமல் நானும் கொடுத்துவிட்டேன். எடுத்துப்போன அம்மா மூன்றாம் நாள் வந்து நின்றார். சந்தைக்கு வந்தவர். காய்கறிப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணு வீட்டுக்குத் திரும்பி வந்தாளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். எனக்குத் தெரியவில்லை; நான் அதைப் படித்திருக்கவில்லை. அந்த வாரமே மாவட்ட மைய நூலகத்துக்குப் போய், அங்கிருந்த பிரதியைப் பார்த்து இரண்டு பக்கத்தையும் கையால் எழுதிக்கொண்டு வந்து ஒட்டினேன். அடுத்த சந்தை நாளில் அவர் வந்தார். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே படித்தார். முடித்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அந்தப் பெண் வீடு திரும்பியிருந்தாள்.

உங்களிடம் இருக்கும் தொகுப்பில் ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழும் 'தொடரும்' என்று இருக்கும். உங்களுக்கு அடுத்த தாளைப் புரட்டினால் போதும். உங்கள் மாமியாருக்கு அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் ஏழு நாள் இருந்தது. ஒரு தொடர் ஓடிய காலம் முழுக்க அவர் சமைத்ததும் துவைத்ததும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதும் அந்த 'அப்புறம்' மனதில் ஓட ஓடத்தான்.

படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் இது வருவதில்லை. 1944-ல் அமெரிக்காவில் ஃப்ரிட்ஸ் ஹைடர், மேரியான் சிம்மல் என்ற உளவியலாளர்கள் ஒரு சின்னப் படம் தயாரித்துக் காட்டினார்கள். பெரிய முக்கோணம் ஒன்று, சின்ன முக்கோணம் ஒன்று, ஒரு வட்டம், கதவு வைத்த பெட்டி மாதிரி ஒரு கட்டம். மூன்றும் திரையில் அங்குமிங்கும் நகரும். அவ்வளவுதான் படம். 34 மாணவிகளுக்குப் போட்டுக் காட்டி, என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார்கள். முக்கோணம் இந்தப் பக்கம் போனது, வட்டம் அந்தப் பக்கம் போனது என்று எழுதியவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் எல்லோரும் அவற்றை உயிருள்ளவையாகவே பார்த்தார்கள். அவன் துரத்துகிறான், அவள் பயந்து வீட்டுக்குள் ஒளிகிறாள், சின்னவன் காப்பாற்றப் பார்க்கிறான் என்று எழுதினார்கள். முகமும் இல்லை, பேச்சும் இல்லை. வெறும் கோடு. அதிலேயே ஒரு குடும்பத்தைக் கண்டுவிட்டார்கள்.

நீங்கள் மட்டும் என்ன? அத்தனை வருடம் பேரேடு பார்த்திருக்கிறீர்கள். ஒரே தொழிலாளி ஒரே வருடத்தில் மூன்று தடவை முன்பணம் கேட்டு எழுதியிருந்தால், தொகையை மட்டும் பதிந்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பீர்களா? பொண்ணுக்குக் கல்யாணமோ, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று ஒரு நிமிடமாவது பேனா நின்றிருக்கும். கதை படிக்கத் தெரியாதவன் என்று உங்களை நீங்களே சொல்லிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, இது பாதிதான். 'அப்புறம்' மட்டுமே கதை என்றால், முடிவு தெரிந்த அன்றைக்கு அந்தத் தொகுப்பு பழைய பேப்பர்காரரிடம் போயிருக்கும். உங்கள் மனைவி ஐந்தாறு தடவை படித்ததற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

எங்கள் நூலகத்துக்கு ஒரு பெரியவர் வருவார். நெசவு வேலை. படித்து முடித்த புத்தகத்தில் 33-ம் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுவார். படித்ததையே மறுபடி எடுத்துவிடக் கூடாது என்பதற்கு அது அடையாளம். நிறைய வாசகர்கள் இப்படி ஏதாவது ஒரு குறி வைப்பார்கள். ஒருவர் பூ வரைவார், ஒருவர் பக்க எண்ணைச் சுழிப்பார். இந்தப் பெரியவர் அலமாரியிலிருந்து புத்தகத்தை உருவினதும் நேரே 33-ம் பக்கத்தைப் புரட்டுவார். புள்ளி இருந்தால் திரும்ப வைத்துவிடுவார். ஆனால் நான்கைந்து புத்தகங்கள் மட்டும், புள்ளியைப் பார்த்த பிறகும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேஜைக்கு வருவார். அவற்றில் புள்ளிகள் இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போகும். "இது உங்க புள்ளி இல்லையா ஐயா?" என்று ஒருநாள் கேட்டேன். "என்னுதுதான். சும்மா ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாம்னு" என்றார்.

ஊரில் இருக்கும் அக்கா வீட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னார். அத்தனை வருடத்தில் என் காதில் விழுந்ததில் இதைவிடச் சரியான பதில் வேறில்லை. மக்கள் கதைக்குள் போவது செய்தி தெரிந்துகொள்ள இல்லை, ஐயா. ஆட்களைப் பார்க்கப் போகிறார்கள். தெரிந்த ஆட்களைப் பார்க்க எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம்.

வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும். பார்த்திருப்பீர்கள். கர்ணன் களத்தில் விழப்போகிறான் என்பது முன்வரிசையில் தூங்கி வழிகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் கர்ண மோட்சம் என்றால் விடிய விடியக் கூட்டம் கலையாது. பொன்னுருவி புருஷனைப் போருக்குப் போக விடாமல் தடுக்கிற இடத்தில் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். 2011-ல் கலிஃபோர்னியாவில் இரண்டு ஆய்வாளர்கள், சிலருக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிட்டும் சிலருக்குச் சொல்லாமலும் சிறுகதைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்கள்தான் சராசரியாகக் கூடுதலாக ரசித்தார்கள் என்று கண்டார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் இதற்கு மாறாகச் சொன்னவையும் உண்டு. கூத்துக்களத்தில் குளிருக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், எனக்கு அந்த முதல் ஆய்வின் பக்கம்தான் மனது சாய்கிறது.

இப்போது அந்த ரயிலுக்கு வருவோம். உங்கள் மனைவி முதல் தடவை படித்தபோது அந்தப் பெண்ணோடு பெட்டிக்குள் இருந்திருப்பார். அவளுடைய சந்தோஷம் இவருடைய சந்தோஷமாகவும் இருந்திருக்கும். ஆறாவது தடவை அவர் பிளாட்பாரத்தில் நிற்கிறார். அந்த வண்டி எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்குத் தெரியும். கூப்பிட்டு 'இறங்கிடும்மா' என்று சொல்ல முடியாது. அவள் ஜன்னலோர இடம் கிடைத்த பூரிப்பில் கை காட்டுகிறாள். துக்கம் பின்னால் எங்கோ வருகிறது. கண்ணீர் இங்கேயே வந்துவிடுகிறது. "அவளுக்குத் தெரியாதேங்க" என்ற ஒரே வார்த்தையில் அவர் இதையெல்லாம் உங்களிடம் சொல்லிவிட்டார். நான்தான் இத்தனை வரி எழுத வேண்டியிருக்கிறது.

நடக்காத ஒன்றுக்கு எப்படி அழுகை வரும் என்று கேட்டிருந்தீர்கள். நூலக மேஜையில் நான் அடிக்கடி கேட்ட புகார் ஒன்று உண்டு. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கோபமாகச் சொல்வார்கள்: "அவ அப்படி விட்டுட்டுப் போறவளே இல்ல சார். எழுதினவர் தப்பா எழுதிட்டார்." யோசித்துப் பாருங்கள். அப்படி ஒரு பெண்ணே கிடையாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவள் எதைச் செய்வாள், எதைச் செய்யமாட்டாள் என்பதும் தெரிகிறது. எழுதினவரைவிட நன்றாகத் தெரிகிறது. உங்கள் தொழிலில் ரசீது இருந்தால்தான் உண்மை. இங்கே, இப்படிப்பட்ட ஆள் இப்படிப்பட்ட நேரத்தில் இப்படித்தான் செய்வான் என்று படிக்கிறவர் மனது ஒப்புக்கொண்டால் கணக்கு நேராகிவிடுகிறது. அதற்கு மேல் கண் ரசீது கேட்காது. நகை, அழுகை என்று தொடங்கி எட்டு உணர்ச்சிகளைப் பட்டியல் போட்ட தொல்காப்பியம், அவற்றுக்கு வைத்த பெயரே மெய்ப்பாடு. உடம்பில் படுவது என்று பொருள்.

ஒரு துப்பறியும் நாவலின் ஓரத்தில் யாரோ நீல மையில் எழுதியிருந்தார்கள்: 'இவனை நம்பாதே.' அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், சிவப்பு மையில்: 'எனக்கும் சந்தேகம்தான்.' நூலகப் புத்தகத்தில் எழுதுவது குற்றம். அழிக்க வேண்டியது என் கடமை. நான் அழிக்கவில்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர், வெவ்வேறு மாதத்தில், ஒரே ஆளைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள்.

இந்த 'ஆளைப் பார்க்கப் போவது' என்பதில் இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் வாழ்கிறீர்கள். காப்பித் தம்ளரை வைக்கிற சத்தத்திலேயே மனைவி கோபமாக இருக்கிறாரா என்று தெரிந்துவிடும். ஆனாலும் அந்த நிமிடம் அவர் மனதில் என்ன ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. ஊகிக்கத்தான் முடியும். பெற்ற பிள்ளையிடமும் அப்படித்தான். எல்லோரும் ஒருவருக்கொருவர் வெளியே நின்றுதான் பழகுகிறோம். ஒரு ஆள் வாயால் ஒன்றைச் சொல்லிக்கொண்டே மனதுக்குள் வேறொன்றை நினைப்பதை, நினைக்கும்போதே நமக்குக் காட்டுகிற இடம் கதை. அந்தப் பெண் தம்பிக்குக் கை காட்டிக்கொண்டே உள்ளுக்குள் என்ன நினைத்தாள் என்று அந்த அத்தியாயத்தில் இருந்திருக்கும். பிளாட்பாரத்தில் நின்ற தம்பிக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

நம் முன்னோர்கள் இதை எப்படிப் பிடித்திருந்தார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான். அகப்பாட்டில் காதலிக்கிறவர்களின் பெயரைச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதி வைக்கிறது. போரைப் பாடு, கொடையைப் பாடு, அங்கே மன்னன் பெயர் வரலாம். மனதுக்குள் நடப்பதைப் பாடினால் பெயர் வேண்டாம். தலைவி, தோழி, தாய், அவ்வளவுதான். பெயர் இல்லாத அந்த இடத்தில் கேட்கிறவர் போய் நின்றுகொள்ளலாம்.

கதை படித்தால் அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்ளும் திறமை கூடும் என்று 2013-ல் ஓர் ஆய்வு வந்து பெரிதாகப் பேசப்பட்டது. அதே சோதனையைத் திரும்பச் செய்த வேறு சிலருக்கு அந்த முடிவு வரவில்லை. அதனால் மூளைக்கு நல்லது, மனசுக்கு நல்லது என்று கஷாயம் மாதிரி இதை உங்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். அந்தப் பெரியவர் கஷாயம் குடிக்க வரவில்லை.

நீங்கள் மூன்று தடவை ஏன் 30 பக்கத்தில் நின்றுவிட்டீர்கள் என்பது எனக்கு ஓரளவு புரிகிறது. இது படித்தே ஆக வேண்டிய நாவல் என்று யாராவது கனமான ஒன்றைக் கையில் கொடுத்திருப்பார்கள். நீங்களும் முதல் பக்கத்திலிருந்தே ஊர்ப் பெயர், ஆள் பெயர், உறவுமுறை எல்லாவற்றையும் தணிக்கைக்கு உட்காருகிற மாதிரி நினைவில் ஏற்றப் பார்த்திருப்பீர்கள். பத்துப் பெயர் சேர்ந்ததும் தலை சுற்றியிருக்கும். கதையில் அப்படி மனப்பாடம் பண்ண வேண்டாம். வேண்டிய ஆள் திரும்ப வருவான். இரண்டாம் தடவை வரும்போது தானாகவே பதிந்துவிடுவான். கல்யாண வீட்டில் நுழைந்ததும் எல்லோருடைய பெயரையுமா கேட்டுக்கொண்டு உட்காருகிறோம்?

அந்தத் தொடர்கதை உங்களை எப்படி இழுத்தது என்றால், அதை நீங்கள் வாயால் படித்தீர்கள். கண் மட்டும் ஓடினால் வேண்டாத வரியைத் தாண்டிவிடலாம். வாய் தாண்ட முடியாது. அதோடு எதிரே ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். கலஹாரிப் பாலைவனத்தில் வாழும் ஜூஹோவான்சி மக்களின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்த பாலி வைஸ்னர் என்ற மானுடவியலாளர் 2014-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பகல் பேச்சில் கதை நூற்றுக்கு 6 பங்குதானாம். மற்றதில் பெரும்பகுதி பிழைப்பும் புகாரும். இரவில் தீயைச் சுற்றி உட்கார்ந்ததும் அது 81 ஆகிவிடுகிறது. நம் ஊர்த் திண்ணைகளிலும், எழுத்துக்கூட்டப் படித்த ஒருவர் விளக்கடியில் உட்கார்ந்து பெரிய எழுத்துப் புத்தகத்தை ராகம் போட்டு வாசிக்க, தெருவே கேட்டிருக்கிறது. மழைக்காக மகாபாரதத்தின் விராட பருவம் வாசித்த ஊர்கள் எத்தனை! உங்கள் வீட்டுக் கூடத்தில் தினமும் சாயங்காலம் நடப்பது புதிதாக முளைத்த ஒன்றில்லை.

வாசிக்கும்போது ஒன்றிரண்டு விஷயம் மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். பேச்சு வருகிற இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் பேசுமுன் ஒரு மூச்சு விடுங்கள். வவுச்சர் புகார் அதிலேயே பாதி தீர்ந்துவிடும். அவர் அழுதால் சமாதானம் சொல்லி நிறுத்தாதீர்கள். கொஞ்சம் பொறுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். இடையில் வரும் பழைய விளம்பரத்தையும் துணுக்கையும் தள்ளிவிடாதீர்கள், அதையும் வாசியுங்கள். ஓரங்களில் அவருடைய அம்மா பென்சிலால் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். தேதியோ, கடைக் கணக்கோ, எதுவானாலும் சரி, இருந்தால் அதையும் சத்தமாகப் படியுங்கள். அந்தத் தாள்களை வாராவாரம் பிரித்துச் சேர்த்தவரும் அந்த ரயில் கட்டத்தில் அழுதிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் மனைவி அங்கே யாரையெல்லாம் பார்த்துவிட்டு வருகிறாரோ!

தொகுப்பு முடிந்ததும் பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போங்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு என்று ஐந்து விதிகள் எழுதினார். இரண்டாவது விதி: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். நாங்கள் பாடமாகப் படித்தது. மேஜையில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அது புரிந்தது. "நல்ல இலக்கியம் எது?" என்று கேட்காதீர்கள். யாரும் என்னிடம் அப்படிக் கேட்டு நல்லதாக ஒன்றும் கொண்டுபோனதில்லை. "சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்துகிறவர்களைப் பற்றிச் சின்னச் சின்னக் கதையாக ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். பத்துப் பக்கக் கதையில் ஆரம்பியுங்கள். பிடிக்காவிட்டால் பாதியில் மூடிவிடுங்கள், அடுத்ததை எடுங்கள். மூடியதற்கு யாரும் அபராதம் போடமாட்டார்கள். தேதி தவறினால்தான் போடுவார்கள்.

அப்புறம், அந்த மதியம். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தனை வருடம் அந்தத் தொகுப்பை எடுத்து வைத்த கை அவருடையது. இருந்த இடம் ஒரு விரல்கடை நகர்ந்தாலும் தெரிந்திருக்கும். அவரே கேட்கட்டும் என்று இருக்காதீர்கள், இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஆனால் சாயங்காலம் விட்ட இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நீங்கள் திருட்டுத்தனமாகப் படித்த அந்த மூன்று அத்தியாயத்தையும் அவருக்காக மறுபடி சத்தமாக வாசிக்க வேண்டியிருக்கும். இந்தத் தடவை, அடுத்து என்ன வரப்போகிறது என்று உங்களுக்கும் தெரியும். எந்த வரியில் குரல் தடுமாறியது என்று எனக்கு எழுதுங்கள்.